நீலவரை மன்னர் ஆத்துல இருக்கார்

நீலவரை என்று ஒரு நாட்டை உண்டாக்கச் சுப்பராமனுக்குப் பல வருஷம் பிடித்தது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில், ஆபீஸ் போய் வந்த நேரம் போக மீதியெல்லாம் அந்த நாட்டுக்குத்தான். மலை வைத்தார், துறைமுகம் வைத்தார். தலைமுறை தலைமுறையாக அரசர்களுக்கு முடிசூட்டி, பிடிக்காதவர்களை விஷம் வைத்துக் கொன்றார். உப்புக்கு யார் வரி கட்டுவது, கல்யாணத்தில் பெண் வீட்டார் என்ன பாட்டுப் பாடுவது என்பதுவரை தீர்மானமாகிவிட்டது. சொந்த வீட்டில் கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அது மனைவி ஜானுவின் இலாகா.

"என் நீலவரையில மயிலாப்பூர் வாடையே கிடையாது. சுத்தமான கற்பனை!" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வார்.

"ஆமாமா," என்பாள் ஜானு. "குழம்புல உப்பு ஜாஸ்தின்னு மந்திரி சொன்னதும் உங்க ராணி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறாளே, அதுவும் சுத்தக் கற்பனைதான்."

தொண்ணூற்று நாலில் அந்தக் கதை ஒருவழியாக தி.நகரிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வர ஆரம்பித்தது. சுப்பராமனுக்குத் தரையில் கால் பாவவில்லை. கேபிள் டிவி வந்து பத்திரிகை விற்பனை படுத்துக்கொண்டிருந்த காலம். இந்தத் தொடரை விட்டால் இன்னொரு ஆசிரியர் தன் நாட்டைச் சீந்த மாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும்.

அத்தியாயம் தாமதமானால் ஓவியருக்குப் போனில் காட்சியைச் சொல்லிவிடுவது அங்கே வழக்கம். ஓவியர் வைரவன் கோடம்பாக்கத்துக்காரர், சினிமா பேனர் வரைந்து பழகிய கை. சுப்பராமன் எழுதும்போதுதான் செந்தமிழ். போனை எடுத்தால் வீட்டுப் பேச்சுதான்.

"வைரவன், எதிரிப் படை கோட்டை வாசல்ல வந்து நிக்கறது. ராஜா யுத்தத்துக்குப் போகல. ஆத்துலயே உக்காந்துண்டிருக்கார்."

"ஆத்துலயா சார்?"

"ஆத்துலதான்பா. யார் கூப்பிட்டாலும் ஆத்தை விட்டு வெளில வரமாட்டேங்கறார்."

"ராணிம்மா?"

"அவளும் ஆத்துலதான். பின்ன எங்க போவா?"

"கிரீடம் கீதா சார்?"

"ராஜாவாச்சே, இல்லாம இருக்குமா?"

இதழ் வந்தது. அரைப் பக்கத்துக்குப் படம். நீலவரை மன்னர் கிரீடத்தோடு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராணி. மன்னரின் மீசையை ஒரு கெண்டை மீன் முகர்ந்துகொண்டிருந்தது. கீழே சுப்பராமனின் செந்தமிழ்: 'மன்னர் அரண்மனையை விட்டு வெளியேறவில்லை.'

"ஓய் சுப்பராமன்!" ஆசிரியர் ராஜகோபாலன் போனிலேயே குதித்தார். "கதையில அரண்மனைங்கறீர், படத்துல முங்கிண்டிருக்கான். ஊரே சிரிக்கிறது. அடுத்த அத்தியாயத்துல ஒழுங்கா ஒரு காரணம் சொல்லும். இல்லேன்னா அந்தப் பக்கத்துல வடாம் போடற விதம் போட்டுடுவேன்."

சுப்பராமன் போனை வைத்தார். வடாமுக்கா என் ராஜ்யம்? பஸ் பிடித்து நேரே கோடம்பாக்கம் போய் வைரவனிடம் கத்தினார்.

"ஆத்துலன்னா ஆத்துலய்யா! வீட்டுல!"

"வூட்லன்னா வூட்லன்னு சொல்றதுதானே சார்?" வைரவன் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "நம்ம பக்கம் ஆறுன்னா ஒண்ணு அடையாறு, இல்லாங்காட்டி கூவம். கூவத்துல குந்த வைக்காம நல்ல தண்ணில வுட்டேனே, அதுக்கு சந்தோசப்படு."

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வரும்போல இருந்தது. ஜானு படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏன்னா, யுத்தத்தன்னிக்கு ஆத்துக்குள்ளயே உக்காந்திருந்தா அசடு. இப்படி ஆத்துத் தண்ணில உக்காந்திருந்தா என்னமோ விரதம் மாதிரி இருக்கே!"

சுப்பராமன் நிமிர்ந்தார். விரதம்! அப்படியே பேனாவை எடுத்துவிட்டார்.

பழைய வரலாறு முழுக்க அடிபட்டுப் போயிற்று. நீலவரையில் ஆதியில் இரண்டு குலம், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அரண்மனை எங்கள் கரையில்தான் என்று இரண்டும் வெட்டிக்கொண்டு சாக, முதல் மன்னன் எந்தக் கரையிலும் கால் வைக்க மாட்டேன் என்று நட்டாற்றில் போய் உட்கார்ந்தான். சண்டை ஓய்ந்த பிறகுதான் எழுந்தான். அன்றுமுதல் போர் என்றால் மன்னர் ஆற்றில் அமர்வது மரபு. கோட்டை வாசலுக்கு வந்த படைகூட அக்கரைக் குலத்தின் படைதான் என்று ஆயிற்று. எந்தப் பக்கமும் சாயாத இடம் என்பதால் ஜனங்கள் தங்கள் வீட்டையே 'ஆறு' என்று அழைத்தார்கள் என்றும் ஒரு வரி சேர்த்தார். எழுதிவிட்டு அவரே கைதட்டிக்கொண்டார்.

ராஜகோபாலன் படித்துவிட்டு, "வடாம் இப்போ வேண்டாம்," என்றார். அவர் வாயில் அதுவே பாராட்டு.

"பாத்தியா? முழுக்கக் கற்பனை!" என்று சுப்பராமன் அச்சான பக்கத்தை ஜானுவிடம் நீட்டினார்.

ஜானு நிதானமாகப் படித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"இதுல என்ன கற்பனை? உங்கம்மா இருந்த வரைக்கும் அவா ஒரு கரை, நான் ஒரு கரை. நாங்க ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கறச்சே நீங்க இந்தக் கூடத்துல பேப்பரும் கையுமா, யார் பக்கமும் வாயைத் திறக்காம உக்காந்திருந்தேளே. எனக்கு எத்தனை ஆத்திரமா இருக்கும் தெரியுமா?" என்றவள் பக்கத்தை மடித்தாள். "அதுக்கு ஒரு கிரீடத்தை வச்சு மரபுன்னு எழுதிட்டேளாக்கும்!"

சுப்பராமனுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து ஏதாவது சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் போன் அடித்தது. ஜானு எடுத்தாள். வைரவன்.

"அடுத்த படம் கேக்கணும்மா. சார் ஆத்துல கீறாரா?"

ஜானு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இருக்கார்," என்றாள். "கழுத்து வரைக்கும்."