நாலு ஸ்பீக்கரிலும் அண்ணன் குரல்

வழி விஷயத்தில் நான் சுத்த மக்கு. போன வாரம் போன வீட்டுக்கே இந்த வாரம் போகச் சொன்னாலும் திருதிருவென்று விழிப்பேன். இந்த லட்சணத்தில் என் பிழைப்பு, வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்வது. முட்டி மடங்காதவர்கள், இடுப்பு நிமிராதவர்கள், பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தவர்கள் என்று ஊர் முழுக்க எனக்கு ஆட்கள் உண்டு. ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள்.

இத்தனை நாளும் என் மேப் அண்ணன்தான். வழி தவறியதும் அவனுக்குப் போன் போடுவேன். "பெட்ரோல் பங்க் தாண்டிட்டியா?" என்பான். தாண்டியிருப்பேன். "முன்னாடி ஒரு ஸ்கூல் வரும், அதுக்கு முந்தின சந்துல திரும்பு." சந்து வந்ததும், "இது இல்ல, அடுத்தது" என்று நான் திரும்புவதற்குள் சொல்லிவிடுவான். ஊரையே கரைத்துக் குடித்தவன் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு தடவை ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் டயர் பஞ்சராகி நின்றேன். போனில் சார்ஜ் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்த நேரத்தில் அண்ணனின் பைக் வந்து நின்றது. "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றான். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்புறம் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்: எனக்கு ஒன்று என்றால் என் அண்ணனுக்கு மனசு சொல்லிவிடும்.

அம்மா செத்த வருஷமே அப்பா எங்களை விட்டுவிட்டுப் போனார். எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினேழு. அவன் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். என்னைப் படிக்க வைத்தான், கட்டிக்கொடுத்தான். அந்தக் கல்யாணம் ஊத்திக்கொண்டபோது ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் வீட்டு மாடியில் இடம் கொடுத்தான். தன் பழைய காரையும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தான். "இனிமே யாரையும் எதிர்பார்க்காத பாப்பா. உனக்கு எங்க தோணுதோ அங்க போ" என்றான். ஊரில் பாதிப் பேருக்கு முட்டியை மடக்கி நீட்டும் எனக்கு, முப்பத்தேழு வயதிலும் அவனிடம் பாப்பா என்றுதான் பெயர்.

வீட்டில் அப்பா என்ற சொல்லே கிடையாது. அண்ணிகூட அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள். ஆனால் போன வருஷம் ஒரு நோயாளி வீட்டு மாடிப்படியில் எதிரே இறங்கி வந்தவர் என் அப்பா. மூக்கை வைத்தே அடையாளம் தெரிந்தது. அதே மூக்குத்தான் எனக்கும். அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். திட்டித் தீர்க்கத்தான் உள்ளே போனேன். போனால், வலது தோள் இறுகிப்போய், கை நெஞ்சுக்கு மேல் எழும்பாமல், சட்டை போடவே படாத பாடு படுகிறார். தொழில் புத்தி விடுமா? திட்டிக்கொண்டே தோளைப் பிடித்து அசைக்க ஆரம்பித்தேன்.

அதன் பிறகு வாராவாரம் போனேன், அண்ணனுக்குத் தெரியாமல். அப்பா அதிகம் பேச மாட்டார். வலித்தால் பல்லைக் கடித்துக்கொள்வார். ஒரு நாள் தானே கையைத் தூக்கித் தலை வாரிக் காட்டினார். அன்றே அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் போனால் அறை பூட்டிக் கிடந்தது. காலி செய்துவிட்டுப் போய்விட்டார் என்றார் வீட்டுக்காரர். எனக்கென்று ஒரு வார்த்தைகூடச் சொல்லி வைக்கவில்லை.

இரண்டாவது தடவையும் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதேன். "என்ன பாப்பா?" என்று அண்ணன் மாடிக்கு வந்தான். தலைவலி என்றேன். தைலம் எடுத்து வந்து நெற்றியில் தேய்த்துவிட்டான், டீ போட்டுக் கொடுத்தான். உலகத்தில் எனக்கென்று மிச்சமிருப்பது இவன் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டே அந்த டீயைக் குடித்தேன்.

அதற்கப்புறம்தான் ஒரு வீம்பு வந்தது. இனி எதற்கும் யாரையும் நம்பி நிற்பதில்லை, வழிக்குக்கூட. காரில் இருந்த பழைய ரேடியோ வேறு ஒரே ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு கரகரத்தது. அதைக் கழற்றிவிட்டு, வழி சொல்லும் ஸ்டீரியோ ஒன்று மாட்டிவிடலாம் என்றேன். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எதுக்குப் பாப்பா தண்டச் செலவு? நான்தான் இருக்கேன்ல."

தன் வேலையை ஒரு மெஷின் பிடுங்குகிறதே என்று வருத்தப்படுகிறான், பாவம், என்று நினைத்தேன். நான் விடாமல் நச்சரித்ததும் வேறு பாட்டுப் பாடினான். "சரி, எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இருக்கான். நானே வண்டிய எடுத்துட்டுப் போய் மாட்டிட்டு வரேன். நீ வேற எங்கயும் குடுத்துடாத." அந்த ஆளுக்கு இன்று காய்ச்சல், நாளை வெளியூர் என்று நாள் போய்க்கொண்டே இருந்தது. பொறுமைக்கும் எனக்கும் வெகு தூரம். ஒரு நாள் காலையில் போகவேண்டிய வீட்டில் இன்று வேண்டாம் என்றதும், ரோட்டோரம் கண்ணில் பட்ட கார் ஸ்டீரியோ கடைக்குள் வண்டியை விட்டேன்.

கடைக்காரரே முதலாளி, அவரே வேலையாள். கண்ணாடி நெற்றியில் இருந்தது. எடுத்த எடுப்பில் பெரிய திரையைக் காட்டினார். டிவி மாதிரி இருந்தது. தொட்டால் எல்லாம் நடக்கும் என்றார்.

"என் கையில எப்பவும் எண்ணெய் இருக்கும். தொட்டா வழுக்கும். சவுண்டுக்குத் திருகற குமிழ் இருக்கணும்" என்றேன்.

"குமிழ் வெச்சது சின்னத் திரையிலதான் வரும் மேடம். ஆனா நல்ல சரக்கு. வெயில்ல நின்னாலும் ஹேங் ஆகாது. மேப் உள்ளயே இருக்கும், நெட் இல்லாட்டியும் வழி சொல்லும். போன் வந்தா ஸ்பீக்கர்லயே பேசலாம்."

"வழி தெரியாதவங்க திட்டினாலும் சொல்லுமா?"

"கோவமே வராது மேடம். தப்பாப் போனா மறுபடியும் மொதல்லேருந்து சொல்லும்."

அது போதும் எனக்கு. ஒரிஜினல் வயரை வெட்ட மாட்டேன், கப்ளரில் செருகித்தான் மாட்டுவேன் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் புது ஹாரனை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார்.

கடைக்காரர் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே பழைய ரேடியோவை வெளியே இழுத்தார். திடீரென்று பாட்டு நின்றது. வாயில் கடித்திருந்த டார்ச்சை எடுத்தார்.

"மேடம், இது நீங்க போட்டதா?"

எட்டிப் பார்த்தேன். உள்ளே, ரேடியோ இருந்த குழிக்குப் பின்னால், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டியிருந்தது. அதன் வயர் ரேடியோ வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தது.

"ட்ராக்கர். உள்ள சிம் இருக்கும். வண்டி எங்க போகுது, எங்க நிக்குதுன்னு போன்லயே பார்த்துக்கலாம். வயரை உருவினா போட்டவங்க போனுக்கு உடனே மெசேஜ் போயிடும். வாடகை வண்டிக்காரங்க போடுவாங்க."

"என் அண்ணன் வண்டிதான் இது. அவன் வெச்சிருந்தப்ப போட்டிருப்பான்" என்றேன். அவசரமாகச் சொன்னேன்.

அவர் கண்ணாடியை இறக்கி, பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார். வண்டி என் கைக்கு வந்து நாலு வருஷம். பெட்டி பிறந்தே ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

"கழட்டிடவா?"

"இருக்கட்டும். மொதல்ல வேலைய முடிங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சுக்கு வந்தேன். பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், முந்தின சந்து எல்லாம் நினைவுக்கு வந்தன. பஞ்சரான அன்று பைக்கில் வந்து நின்றானே, அதுவும்தான். பீற்றிக்கொண்டதை நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் அந்த மொட்டைமாடி அறை. வாராவாரம் வண்டி நின்ற இடம் அவன் போனில் தெரிந்திருக்கும். அங்கே போய்ப் பார்க்காமல் இருந்திருப்பானா?

கடைக்காரர் புது செட்டை உள்ளே தள்ளி, திருகு முடுக்கி, என் போனை வாங்கி அதோடு இணைத்தார். திரையில் மேப் வந்தது. பாட்டு வைத்து நாலு ஸ்பீக்கரையும் சோதித்தார். நான் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன்.

"இப்பக் கழட்டுங்க" என்றேன். வயரை உருவி, பெட்டியை என் கையில் வைத்தார்.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. பாட்டு நின்றது. திரை முழுக்க 'அண்ணன்' என்று வந்தது. பச்சைப் பொத்தானைத் தொட்டேன்.

"பாப்பா, வண்டிக்கு என்னாச்சு?"

நாலு மூலையிலிருந்தும் அவன் குரல் கடை அதிரக் கேட்டது.

"வண்டிக்கு ஏதோ ஆச்சுன்னு யார் சொன்னா?"

"இல்ல, சும்மாதான். மனசு என்னவோ மாதிரி இருந்துச்சு."

"உன் மனசு இப்ப என் கையிலதான் இருக்கு அண்ணா. தீப்பெட்டி சைஸ்ல, கறுப்பா."

ஹாரன்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாரு கழட்டச் சொன்னது?" என்றான் முதலில். அப்புறம் குரல் இறங்கியது. "ஒரு நாள் நீ ரொம்ப லேட்டா வந்த, போனும் எடுக்கல. நான் செத்துப் பொழைச்சேன் பாப்பா. அதான் போட்டேன்."

"அத விடு. அப்பாகிட்ட என்ன சொன்ன?"

"எந்த அப்பா?"

"அண்ணா..."

பெருமூச்சு விட்டான். அதுவும் நாலு மூலையிலும் கேட்டது.

"வாராவாரம் வேலை நேரம் முடிஞ்சும் வண்டி அதே எடத்துல நிக்குது. யாரோ என்னவோன்னு பதறிப் போய்ப் பார்த்தா, அவரு. ஒன்ன வளர்த்தவன் நான். அவரு ஒரு நாள் ஒனக்குச் சோறு போட்டிருப்பாரா? வயசான காலத்துல வந்து ஒட்டிக்கிட்டா விட்டுடுவேனா?"

"என்ன சொன்னன்னு கேட்டேன்."

"நீ இனிமே வர மாட்டன்னு சொன்னேன். நேர்ல சொல்ல ஒனக்கு மனசு வரல, அதான் என்னை அனுப்பியிருக்கன்னு சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"ஒண்ணும் கேக்கல. 'அவ சொன்னாளா? அப்ப சரி'ன்னு பையை எடுத்துக்கிட்டாரு."

இத்தனை நாளும் அவரைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். அவரோ, துரத்திவிட்டது நான்தான் என்று நம்பிக்கொண்டு எங்கோ இருக்கிறார். நம்பக்கூடியதாகத்தானே இருந்தது? எட்டு வயதில் அவர் விட்டுப்போன மகள் வேறு என்ன சொல்லுவாள்?

"அன்னைக்கு எனக்குத் தைலம் தேய்ச்சு விட்டியே. எதுக்கு அழறேன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"ஒன் நல்லதுக்குத்தான் பாப்பா."

கத்த வேண்டும் போல இருந்தது. வேவு பார்த்ததைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் தெரியாதவன் மாதிரி என்ன பாப்பா என்று கேட்டானே, அதை எந்தக் காலத்திலும் பொறுக்க முடியாது.

"அவரு எங்க இருக்காரு?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது."

உண்மையாகவும் இருக்கலாம். பொய்யா மெய்யா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழியும் இல்லை. அவன் சொன்னால் வேதவாக்கு என்று இருந்தவள் நான். போனை வைத்தேன்.

"சவுண்டக் குறைக்கத்தான் மேடம் அந்தக் குமிழ்" என்றார் கடைக்காரர், ரொம்ப மெதுவாக. பிறகு, இதையெல்லாம் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி, தன் துணியால் திரையைத் துடைத்தார். "மேப்ப செக் பண்ணணும். எங்க போகணும்னு போடட்டும்?"

அப்பாவின் பழைய அறை இருந்த தெருவைச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் அன்று கோபத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பிவிட்டேன். பையோடு எந்தப் பக்கம் போனார், எதில் ஏறினார், யாராவது பார்த்திருப்பார்கள். கீழ் வீட்டு நோயாளியைக் கேட்கலாம். பெட்டியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

சிக்னல் வரைக்கும் மெஷின் சொன்னபடி போனேன். அங்கே இடமா வலமா என்று அது சொல்வதற்குள் திரையை மறைத்துக்கொண்டு 'அண்ணன்' வந்தது. துண்டித்தேன். மறுபடியும் வந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு எடுத்தேன்.

"பாப்பா, எங்க இருக்க?"

இந்தக் கேள்வியை இந்த ரெண்டு வருஷமாக அவன் என்னிடம் கேட்டதே இல்லை. அன்றுதான் அது எனக்கு உறைத்தது. பழக்கதோஷத்தில் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் பைக்கில் வந்து நின்றிருப்பான்.

"அப்பா எங்க இருக்காருன்னு தெரிஞ்சா கூப்பிடு" என்றேன். "அதுவரைக்கும் நான் எங்க இருக்கேன்னு ஒனக்குத் தெரிய வேணாம்."