கதவு நிலை வளைந்த படம்

மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைத் திறந்து மூன்று படங்களை எடுத்தார். தேநீர்க் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு, டீப்பாயின் மேல் அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்தார். மூன்றும் ஒரே அளவுத் தாளில் வண்ணத்தில் அச்சடித்தவை. இதற்கென்று கடைக்குப் போய் நின்று அச்சடித்து வாங்கி வந்திருக்கிறார்.

"இதுல எது பொண்ணு?"

பெண் காலித் தட்டுடன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். கேள்வி அவளுடைய அம்மாவிடம் கேட்கப்பட்டது.

முதல் படம், கல்யாணத் தகவல் மையத்துக்குக் கொடுத்தது. இதே கூடத்தில், உள்ளறைக் கதவோரம் நிற்கும் ஒல்லியான பெண். அரைக்கைச் சட்டை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை கை ஒரே பருமனில் இறங்கியது. இரண்டாவது, மாவட்ட உடற்கட்டுப் போட்டியின் மேடையில் எடுத்தது. இடுப்பில் பதினேழு என்ற எண் வில்லை, கழுத்தில் வெள்ளிப் பதக்கம், மடக்கிய வலது கையில் திரண்டு நிற்கும் புஜம். மூன்றாவதிலும் அதே முகம், அதே பதினேழு. ஆனால் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் காளையின் திமில். கைகள் பூசணிக்காய்களைக் கோத்துத் தொங்கவிட்டது போல. நெற்றியில்கூட நரம்பு வேர்விட்டிருந்தது. முகம் தெரியாத எவனோ ஒருவன், போட்டிக்கு வரும் பெண்களின் படங்களை எடுத்துக் கணினியில் தசையை ஊதிப் பெருக்கி இணையத்தில் போடுகிறான். அதைக் கலை என்று சொல்லிக்கொள்கிறான். நாற்பதாயிரம் பேர் அந்தப் படத்துக்கு இதயம் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தவர்.

பெண்ணுக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். வயது இருபத்தொன்பது. தெருவில் பயில்வான் என்பார்கள். அவள் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர். காலை ஆறு மணிக்கு முன்பே போய்க் கூடத்தைத் திறப்பாள். ஆறு வருடமாக அவித்த முட்டையும் உப்பில்லாத கோழியும் தின்று, அந்தப் புஜத்தை நூல் நூலாக வளர்த்திருந்தாள்.

இன்று அந்தப் புஜத்தின் மேல் வழவழப்பான துணியில் தைத்த முழுக்கைச் சட்டை கிடந்தது. சட்டையைத் தைக்கக் கொடுத்தவள் அம்மா. கை தொளதொளவென்று இருக்கட்டும் என்று தையற்காரரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வரும்போது முழங்கையை மடக்காதே, கொஞ்சம் கனக்கிற மாதிரிப் பிடி என்றும் சொல்லி அனுப்பினாள். காலையில் விருந்தாளிகளுக்கு இடம் வேண்டும் என்று இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக நகர்த்தியவள், ஆறு கோப்பைத் தேநீரைக் கை நடுங்க ஏந்தி வந்தாள்.

அம்மா ஏற்கெனவே ஒத்திகை பார்த்த பதிலைச் சொன்னாள். முதல் படம்தான் பெண். மற்ற இரண்டும் கம்ப்யூட்டர் வேலை. யாரோ பொறாமைக்காரர்கள் செய்தது.

மூன்றாவது படம் பரவத் தொடங்கிய வாரத்தில் அம்மா அழுதாள். அடுத்த வாரம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இவ்வளவு கோரமான ஒன்று பொய் என்று யாருக்கும் தெரியும். அதைக் காட்டியே மேடைப் படத்தையும் பொய் ஆக்கிவிடலாம். அன்றிலிருந்து அந்தக் கோரத்தைச் செய்தவன் மேல் அவளுக்கு இருந்த கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது.

பேச்சை அண்ணன் எடுத்துக்கொண்டான். அவன் ஸ்டுடியோவில் படம் திருத்துகிறவன். பத்து வருடமாக ஊரார் தொப்பைகளைக் கரைத்து, மூடிய கண்களைத் திறந்து, மணமக்களின் நிறத்தை ஏற்றிக்கொண்டிருந்தான். முதல் படத்தில் தங்கையின் கைகளை இளைக்க வைத்ததும் அவன்தான். அவளிடம் கேட்கவில்லை. மையத்திலிருந்து வந்த அட்டையைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரியும். ஏன் இப்படிச் செய்தாய் என்றதற்கு, "எல்லாருக்கும் செய்யறதுதானே, உனக்கு ஓசியில செஞ்சிருக்கேன்" என்றான்.

இப்போது மூன்றாவது படத்தை விரலால் தட்டி, இதை எப்படிச் செய்கிறார்கள் என்று வந்தவர்களுக்கு விளக்கினான். ஒரு பிரஷ் உண்டு. படத்தைத் தொட்டு வெளியே இழுத்தால் உடம்பு வீங்கும். இரண்டு நிமிட வேலை. அதே பிரஷ்ஷை உள்ளே தள்ளினால் என்ன ஆகும் என்பதை அவன் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு மேடைப் படத்தை நகத்தால் நகர்த்தினார். "துணி போதாம மேடையேறின மாதிரி இருக்கு. இது எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு இல்லைன்னா சந்தோஷம். அதை அவளே எழுதிக் கொடுக்கட்டும். நேத்து போன்ல பேசினோமே."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். நேற்றே தட்டச்சு செய்து வைத்திருந்தான். மேடைப் படத்தை அதனுடன் சேர்த்துக் கிளிப் போட்டு, பேனாவோடு தங்கையிடம் நீட்டினான். உடற்கட்டுச் சங்கத்தின் செயலாளருக்கு எழுதிய கடிதம். மூன்றே வரிகள். இத்துடன் இணைத்துள்ள படத்தில் இருப்பது நான் அல்ல. என் அனுமதியின்றிக் கணினியில் திருத்தப்பட்டது. இதை எங்கும் பயன்படுத்தக் கூடாது.

பாப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு அதைப் படித்தாள். இப்படி ஒரு தாள் இருப்பதே இப்போதுதான் அவளுக்குத் தெரியும். இதில் கையெழுத்துப் போட்டால் மேடையில் நின்றது தான் இல்லை என்று அவளே ஒப்புக்கொண்டதாகும், சங்கம் பதக்கத்தைத் திரும்பக் கேட்கும். மாவட்டப் பதக்கம் இல்லாதவர்கள் அடுத்த மாதம் நடக்கும் மாநிலப் போட்டியில் மேடையேற முடியாது. அதற்குத்தான் அவள் இரண்டு மாதமாக உப்பைத் தொடாமல் இருந்தாள்.

"சும்மா ஒரு பேப்பர்தானே பாப்பா" என்றாள் அம்மா.

அவள் கையெழுத்துப் போடாமல் நிற்பதை அறை முழுக்கப் பார்த்தது. மாப்பிள்ளை முதல் முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினான். சன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்த பாப்பாவின் அப்பாவும் பார்த்தார். அவருக்கு முழங்கால் வலி என்று வந்தவர்களிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் இரண்டு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. அண்ணனுக்கு முதுகெலும்பில் தட்டு விலகல். ஒரு முறை அப்பாவைத் தூக்கப்போய் இருவரும் விழுந்தார்கள். அதற்குப் பிறகு படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் அவரைத் தூக்குவது பாப்பாதான். மாலையில் வாசலில் உட்கார வேண்டும் என்று அவர் தினமும் கைகாட்டுவார். வாசல் தெருவைப் பார்த்தது. வயதுவந்த பெண் ஓர் ஆம்பிளையைத் தூக்கிக்கொண்டு வருவதைத் தெரு பார்க்க வேண்டாம் என்று அம்மா கதவைச் சாத்திவிடுவாள்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா முதல் படத்தைக் கையில் எடுத்தார்.

அவர் கதவு, சன்னல் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே வாசல் நிலையைத் தடவிப் பார்த்தவர். உள்ளறைக் கதவையும் ஒரு முறை திறந்து மூடிவிட்டு, நல்ல ஆள் செய்த வேலை, நூல் பிடித்தது போல் இருக்கிறது என்று பாராட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதற்குப் பின் அவர் வாயைத் திறக்கவில்லை. கல்யாணப் பேச்சு மனைவியின் துறை.

படத்தை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எழுந்து உள்ளறைக் கதவருகே போனார். படத்தைக் கதவு நிலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது இந்தக் கதவுதானே?"

அண்ணன் ஆமாம் என்றான்.

"நிலை நேரா நிக்குது. படத்துல பொண்ணு கைக்குப் பக்கத்துல மட்டும் உள்ளே வளைஞ்சிருக்கே. இப்படி வளைஞ்சா கதவு சாத்தாது."

லென்ஸ் கோளாறாக இருக்கும் என்றான் அண்ணன். லென்ஸ் வளைத்தால் கதவு முழுக்க அல்லவா வளையும், முழங்கைக்கு மேலே ஒரு சாண் மட்டும் எப்படி என்று அவர் கேட்டார். குரலில் சந்தேகம்கூட இல்லை. கோணலான ஒரு நிலையைப் பார்த்துவிட்ட தச்சனின் எரிச்சல்தான் இருந்தது. திரும்பி வந்து மூன்றாவது படத்தை எடுத்தார். மேடையின் பின்திரையில் நெடுக்குக் கோடுகள். அவை கைகளைச் சுற்றி வெளியே உப்பியிருந்தன. பாப்பாவின் கையிலிருந்த கடிதத்தை லேசாகச் சாய்த்து, அதில் கோத்திருந்த மேடைப் படத்தையும் பார்த்தார். அதே திரை, அதே கோடுகள். எல்லாம் நேராக நின்றன.

அண்ணனுக்கு வியர்த்தது. பத்து வருடத் தொழிலில் எந்த வாடிக்கையாளரும் பெண்ணை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்ததில்லை.

"ரெண்டு படத்துல கோடு கோணல். ஒண்ணுல சரியா இருக்கு" என்றார் பட்டறைக்காரர். அதற்கு மேல் சொல்வது தன் வேலை இல்லை என்பது போல உட்கார்ந்துவிட்டார்.

"அதுதான் நான்" என்றாள் பாப்பா.

அம்மா அவள் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். துணி வழுக்கிக்கொண்டு போயிற்று.

"அண்ணனுக்கு என் கை அதிகமாத் தெரிஞ்சுது, குறைச்சான். அந்த இன்னொருத்தனுக்குப் போதலை, கூட்டினான். ரெண்டு பேரும் என்னைக் கேக்கலை."

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "அப்படியா. சரி, சட்டைக்கையை ஏத்து. மடக்கிக் காட்டு, பாக்கலாம்."

"அடுத்த மாசம் மேடையில காட்டுவேன். டிக்கெட் வாங்கிட்டு வாங்க, அத்தை."

அத்தை என்ற சொல் அந்த அம்மாளின் முகத்தில் அறைந்தது போல விழுந்தது. கணவரைப் பார்த்தார். அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மாப்பிள்ளை பேசினான். சமாதானம் செய்கிற தோரணையில், நல்லவனாகவே பேசினான்.

"அம்மா, விடும்மா. நிஜமாவே இருந்துட்டுப் போகட்டும், எனக்கு ஒண்ணும் இல்லை. பொய்னு எழுதிக் கொடுத்தாப் போதும். சொந்தக்காரங்க கேட்டா காட்ட ஒரு பேப்பர் வேணும், அவ்வளவுதானே."

பாப்பாவின் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. இவ்வளவு பெருந்தன்மையை அவள் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றித் தங்கையின் விரல்களுக்கிடையே வைத்தான்.

பாப்பா டீப்பாயின் முன் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். கடிதத்தை இன்னொரு முறை படித்தாள். கிளிப்பைக் கழற்றி மேடைப் படத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பட்டறைக்காரர் டீப்பாயில் திரும்ப வைத்திருந்த முதல் படத்தை இழுத்து அந்த இடத்தில் கோத்தாள். பெறுநர் என்ற இடத்தில் இருந்த சங்கத்தின் பெயரை ஒரு கோட்டால் அடித்து, மேலே கல்யாணத் தகவல் மையம் என்று எழுதினாள். மூன்று வரிகளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் இட்டு, மாப்பிள்ளையின் பக்கம் நகர்த்தினாள்.

"பேப்பர் கேட்டீங்களே. இதுல இருக்கிறது எல்லாம் உண்மை."

அவன் படித்தான். அவன் அம்மா அதைப் பிடுங்கிப் படித்தார். பிறகு கைப்பையின் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படியாகவே, இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள இன்னொரு பெண்தான் வர வேண்டும் என்று சொன்னார். எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள் உடனே முளைத்தன. பட்டறைக்காரர் கடைசியாக வெளியேறினார். போகும்போது வாசல் நிலையை ஒரு முறை தடவினார். பாப்பாவைப் பார்க்கவில்லை.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும் வரை அம்மா வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தாள். அந்தக் கைகள் விளங்காது என்றாள். பெற்ற வயிற்றில் நெருப்பைக் கொட்டிவிட்டாய் என்றாள். ஊரில் யாருக்கும் இல்லாத கை உனக்கு எதற்கு என்று கேட்டாள். அண்ணன் தன் பங்குக்கு, இனி அவளுக்கு ஒரு படமும் எடுத்துத் தர மாட்டேன் என்றான். பாப்பா கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சன்னலோரத்திலிருந்து அப்பா முனகினார். காலையிலிருந்து அதே நாற்காலி. இடுப்பு விட்டுப்போயிருக்கும். அம்மா திட்டுவதை நிறுத்தாமலே அவரைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு முடியலை போல. தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வை."

பாப்பா நிமிர்ந்தாள்.

"எந்தக் கையாலம்மா?"

அண்ணன் போனைத் தேடினான். பாப்பா முழுக்கைச் சட்டையின் பொத்தான்களை அவிழ்த்துக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். உள்ளே பயிற்சிக் கூடத்துக்குப் போடும் கையில்லாத பனியன்.

"அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டே தூக்கேன். வாசல் திறந்து கிடக்கு."

"வழுக்கும். அப்பா விழுந்துடுவார்."

குனிந்து ஒரு கையை அவர் முதுகுக்குப் பின்னும் ஒரு கையை முழங்கால்களுக்கு அடியிலும் கொடுத்து எழுந்தாள். அவர் பழக்கத்தில் இடக்கையை அவள் கழுத்தில் போட்டார். உள்ளறைப் பக்கம் திரும்பியபோது, அந்தக் கையை எடுத்து எதிர்ப்பக்கம் காட்டினார். தினமும் காட்டுகிற பக்கம்தான். அம்மா விரைந்து போய் வாசல் கதவில் கை வைத்தாள்.

"திறந்தே இருக்கட்டும்மா" என்றாள் பாப்பா. "எங்களுக்கு வழி வேணும்."

எதிர்வீட்டு மாடியில் தலைகள் நான்காகியிருந்தன. அதில் ஒருவர் போனை உயர்த்திப் படமெடுக்கத் தயாரானார். அம்மா கதவைச் சாத்தவும் முடியாமல் விடவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நிலை நேராக நின்றது. அதை ஒட்டிப் பக்கவாட்டில் திரும்பி, அப்பாவின் கால் இடிக்காமல், பாப்பா வெளியே நடந்தாள்.