துண்டுக்குள் விட்ட கை

இரண்டு பேர் பேரம் பேசுவதைப் பார்த்துக்கொண்டு எங்கள் வம்சத்தில் யாராலும் சும்மா நிற்க முடியாது. சேலை வியாபாரம் செய்து வளர்ந்த குடும்பம். என் அப்பா, முன்பின் தெரியாத ஆள் வாங்கும் புளிக்குக்கூட நின்று விலை குறைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அந்தப் புத்தி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லும்போது இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

சேந்தமங்கலத்தில் எனக்கு நிச்சயதார்த்தம். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் வெற்றிலை மாற்றியாக வேண்டும். பெண்ணின் தகப்பனார் பெயர் சென்னிமலை, நேரத்தில் கறாரானவர். அதோடு வேறொரு வரனும் அவர் கைவசம் இருந்தது. என் வீட்டார் முதல் நாளே போய்விட்டார்கள். தட்டில் வைக்க வேண்டிய சேலையைத் தறியிலிருந்து அன்று விடிந்த பிறகுதான் அறுத்தார்கள். அதை மடித்து எடுத்துக்கொண்டு ராசிபுரத்திலிருந்து நான் தனியே கிளம்பினேன். யுத்த காலம், பெட்ரோல் இல்லாமல் பஸ் நின்றுபோயிருந்தது. சென்றாயன் என்பவனின் மாட்டு வண்டிதான் வாடகைக்குக் கிடைத்தது.

பாதி வழியில் மாட்டுச் சந்தை. சென்றாயன் மாடுகளை அவிழ்த்தான்.

"தண்ணி காட்டிப்போட்டு வந்தர்றனுங்க. நீங்க சித்த நேரம் காலாற நில்லுங்க."

நின்றிருந்தால் தேவலை. நான் நடந்தேன்.

ஒரு ஜோடி மயிலை மாட்டுக்குப் பேரம் நடந்துகொண்டிருந்தது. தரகர் அங்கமுத்துவும் கந்தப்பன் என்ற குடியானவரும் கையைக் கோர்த்து, மேலே துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பேரம் முறியப் போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. யார் பக்கம் பேசுவது என்றும் யோசிக்கவில்லை. நான் விற்கிற பக்கத்தில் பிறந்தவன்.

மாட்டின் வாயைத் திறந்து பார்த்தேன். "ஏனுங்க, ரெண்டுக்கும் ஆறு பல்லு, நல்ல எளவயசு. ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்குது. இதை உட்டுப்போட்டு எங்கீங்க போவீங்க?" என்றபடி துண்டுக்குள் கையை விட்டு, தரகர் கேட்டதற்கு மேலே இன்னும் ஒரு விரலைச் சேர்த்து அழுத்தினேன். பிறகு கால்மணி நேரம் பேசினேன். கந்தப்பன் மசிந்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து சென்றாயன் பல்லெல்லாம் தெரிய வந்தான். "நல்ல வெலைக்கு முடிச்சுக் குடுத்தீங்க சாமி. நான் பேசியிருந்தா இத்தன தேறாதுங்க."

"உன்ற மாடா?"

"ஆமாங்க. வண்டியில பூட்டியிருந்தமே, அதேதானுங்க."

"அப்ப நான் எப்படிப் போறது?"

"அதத்தானுங்க நானும் ரோசன பண்ணிக்கிட்டு நிக்கறேன்."

சந்தை நாளில் வேறு வண்டி ஒன்றும் காலியில்லை. கந்தப்பன் சேந்தமங்கலத்துக்காரர் என்று தெரிந்ததும் அந்த மாடுகளையே வண்டியில் பூட்டி என்னைக் கொண்டுபோய் விடும்படி அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

"புது மாட்ட ஊட்டுல ஆலாத்தி சுத்தாம நுகத்துல பூட்டமாட்டனுங்க" என்றார் அவர். "வேணும்னா நடந்து வாங்க. ஒரு கவுத்த நீங்க புடிச்சுக்கலாம்."

சேலைப் பொட்டலத்தைத் தலையில் வைத்து, ஒரு மாட்டை இழுத்துக்கொண்டு ஆறு மைல் நடந்தேன். அது வழியிலிருந்த ஒவ்வொரு குட்டையிலும் இறங்கி நின்றது.

போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். சென்னிமலை வாசலை மறித்தாற்போல் நின்றார்.

"ராகு காலத்துல வந்து நிக்கற சம்பந்தம் எனக்கு வேண்டாமுங்க. கைவசம் இருக்கற அந்த இன்னொரு இடத்துக்கே ஆளனுப்பறேன்."

வண்டி அச்சு முறிந்துவிட்டது என்று வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தேன். மாட்டுக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? நடந்ததைச் சொன்னேன்.

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது. எனக்கு நிச்சயம் செய்ய இருந்த முத்தாயம்மாள்தான். "அப்பா, பல்லெல்லாம் பாத்தவருக்கு, தான் வந்த மாடுன்னு தெரியலையான்னு கேளுங்க."

"தெரியலீங்க" என்றேன். "வண்டியில வந்தவரைக்கும் வாலைத்தான் பாத்தனுங்க. மூஞ்சிய சந்தையிலதான் மொதல்ல பாத்தேன்."

உள்ளே முதலில் சிரித்தது அவள். பிறகு மற்றப் பெண்கள். கடைசியில் கேட்ட சிரிப்பு என் அம்மாவுடையது.

"சிரிக்கிற காரியமா இது?" என்றார் சென்னிமலை. ஆனாலும் கந்தப்பன் பக்கம் திரும்பி, "என்ன வெலைக்குத்தான் முடிச்சாரு?" என்று கேட்டார்.

"அதைக் கேக்காதீங்க. அநியாய வெலை. அதுவும் சிரிச்சுக்கிட்டே குடுக்க வெச்சுட்டாரு."

சென்னிமலையும் நூல் வாங்கிச் சேலை விற்கிறவர். என்னைத் தலையிலிருந்து கால்வரை இன்னொரு தரம் பார்த்தார்.

"ராகு காலம் ஒண்ணரைக்குப் போயிருமில்லீங்கப்பா" என்றாள் முத்தாயம்மாள் மறுபடியும். "அதுக்குள்ள அவங்களுக்குக் கால் கழுவத் தண்ணி குடுக்கச் சொல்லுங்க. மொழங்கால் வரைக்கும் சாணி."

அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சென்னிமலை வாசலை விட்டு விலகி, ஒரு செம்புத் தண்ணீரைத் தானே எடுத்து வந்து நீட்டினார்.