மூன்றாவது லென்ஸ்

என் லென்ஸைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால்கூட, சரி, இருக்கும் என்று விட்டுவிடுவேன். லென்ஸ் அப்படியில்லை. தூசி படாமல் தகர டப்பாவில் போட்டு, புதுச் செருப்புப் பெட்டிக்குள் வருமே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதையும் கூடவே வைத்து, மழைக்காலத்தில் அடிக்கடி எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து வளர்த்தது அது. தூசி ஊத ஒரு ரப்பர் குடுவை வைத்திருக்கிறேன். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். சட்டை நுனியால் துடைக்க வருகிறவர்களை அறைக்குள்ளேயே விடமாட்டேன்.

அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, எங்கள் வீட்டுக் குளியலறைதான். ஜன்னலில் கறுப்பு அட்டை, வாஷிங் மெஷின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் என்லார்ஜர். நெகட்டிவை விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே செருகினால் கீழே படம் பெரிதாக விழும். அவ்வளவுதான் அதன் வித்தை. "ஞாயித்துக்கிழமை ஒரு மனுஷன் நிம்மதியா குளிக்க முடியுதா?" என்று என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்று புலம்புவார். இருட்டிலேயே கிடக்கிறேன் என்று எனக்கு வௌவால் என்று பேர் வைத்தவள் என் அக்கா. அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ஒரு லென்ஸோடு வந்து நின்றார். என்னுடையதையும் சேர்த்தால் அது மூன்றாவது.

அக்காவுக்குப் படம் என்றாலே ஆகாது. கேமராவைக் கண்டால் கையை முகத்துக்கு நேரே தூக்கிவிடுவாள். கல்யாணப் படத்தில் அவள் உச்சந்தலைதான் தெரியும். அடையாள அட்டைப் படத்தைக் காட்டி, "போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருக்கேன்ல?" என்று அவளே சிரிப்பாள். அவள் நேராகப் பார்த்துச் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான். மாமா எடுத்தது. போன வருடம் ஒருநாள் சாயங்காலம் திடீரென்று வந்து என் கேமராவைக் கேட்டார். "என்ன மாமா, இந்த வயசுல அக்கா மேல புதுசா ஆசையா?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை, வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த ஃபிலிமின் ஞாபகம் வந்தது. கழுவினேன். சமையலறைக் கதவில் சாய்ந்து, கையைக் கீழே இறக்கிவிட்டு, அக்கா நின்றாள். பெரிதாக்கி அச்சடித்தபோது முகம் வந்தது, ஆனால் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற முகம் மாதிரி வந்தது. கண் எது, இமை எது என்று பிரியவில்லை.

மாமா ஈரம் காயாத அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். "லென்ஸ்ல ஏதோ கோளாறு," என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அச்சடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. படம் கூர்மையாக விழுகிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பூதக்கண்ணாடி உண்டு. அதைக் கீழே வைத்துக் குனிந்து பார்த்தால் ஃபிலிமின் பொடி மணல் மாதிரி தெரியும். பொடி கலங்கலாக இருந்தால் குற்றம் லென்ஸுடையது. பொடி தெளிவாக இருந்து முகம் மட்டும் கலங்கியிருந்தால், படம் எடுத்த நொடியிலேயே காரியம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எந்த லென்ஸைப் போட்டாலும் ஒன்றுதான். அக்காவின் முகத்தில் பொடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல இருந்தது.

இதை அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

"பூஞ்சை பிடிச்சிருக்கலாம் மாமா," என்றேன். என் லென்ஸின் மேல் நானே அபாண்டமாகப் பழி போட்டேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. பூஞ்சை என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. பூஞ்சை என்றால் துடைக்கலாம், துடைத்தும் போகாவிட்டால் மாற்றலாம். பழைய சாமான் கடையில் துழாவி ஒரு லென்ஸ் கொண்டு வந்தார். அதற்குள் உண்மையாகவே பூஞ்சை, ஒட்டடை மாதிரி. கழற்றி, துடைத்து, பூட்டி, அச்சடித்தோம். அதே தண்ணீர் முகம். "இதுவும் சரியில்ல போல," என்றார் மாமா. "இருக்கும்," என்றேன்.

மூன்றாவது நல்ல லென்ஸ். ஒரு கீறல் கிடையாது. ஆனால் என் என்லார்ஜரின் துளை பெரிது, இதன் கழுத்து சிறிது. திருகிப் பூட்டுகிற மரை இரண்டுக்கும் ஒத்துவராது. மாமா பட்டறையில் கடைசல் வேலை செய்கிறவர். புதன்கிழமையே வந்து அளவெடுத்துப் போய், பித்தளையில் ஒரு வளையம் கடைந்து கொண்டு வந்திருந்தார். உள்ளே ஒரு மரை, வெளியே ஒரு மரை. இரண்டு விரலால் சுழற்றினார். சத்தமே இல்லாமல் ஏறி, கடைசியில் டக்கென்று நின்றது.

"மயிரிழை பிசகாது," என்றார்.

உண்மைதான். தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றின டம்ளரைக் கொடுத்து மாடி ஏறச் சொன்னாலும் அவர் கையிலிருந்து ஒரு சொட்டு சிந்தாது என்று பட்டறையில் ஒரு பேச்சு உண்டு.

முதலில் வேறு நெகட்டிவைப் போட்டுப் பார்ப்போம் என்றார். என் வீட்டுக்காரர் அலுவலகத்து ஆட்கள் வரிசையாக நிற்கிற படம். அச்சடித்துக் கழுவி வெளிச்சத்தில் பார்த்தோம். பின்வரிசையில் ஒருத்தர் சட்டையில் பொத்தான் இல்லாதது வரை தெரிந்தது.

"பொத்தான் போயிருக்கு பாரு," என்று மாமா சிரித்தார். ஐந்து மாதத்தில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. "இனிமே கவலையில்ல. அவளப் போடு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறை விளக்கை அணைத்து, அக்காவைச் செருகினேன்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் பலகை மேல் விழுந்தது. "நரைச்சிருந்தா இப்படித்தான் இருந்திருப்பா," என்றார். பிறகு, "அந்தக் கண்ணாடியக் குடு, நான் ஒரு தடவ பாக்கறேன்."

இதுவரை அவர் கேட்டதில்லை. கொடுத்தேன். குனிந்தார்.

"மணலு மாதிரி என்னமோ தெரியுது."

"அது ஃபிலிமோட பொடி மாமா."

"தெளிவாத்தான் இருக்கு."

"ம்."

"அப்ப லென்ஸ் சரியாத்தான் இருக்கு." நிமிரவில்லை. "உன் லென்ஸும் சரியாத்தான் இருந்துச்சா?"

ரப்பர் குடுவையை எடுத்து, தூசியே இல்லாத பலகையை ஊதினேன். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது.

"அவ அசைஞ்சாளா, நான் அசைஞ்சேனா?"

"அக்கா என்னைக்கு மாமா ஒரு எடத்துல நின்னிருக்கா?" என்றேன். "சிரிக்கறப்போ தலைய ஆட்டியிருப்பா." நம்புகிற மாதிரிதான் சொன்னேன். அவள் குணம் அப்படித்தான்.

மாமா பூதக்கண்ணாடியை மெல்ல நகர்த்தினார். அக்காவின் தோளைத் தாண்டி, பின்னால் இருந்த கதவுத் தாழ்ப்பாளின் மேல் வைத்தார்.

"தாழ்ப்பாளும் ரெண்டாத் தெரியுது," என்றார். "கதவுமா சிரிச்சுச்சு?"

நான் சுவரோடு சாய்ந்துகொண்டேன்.

"அன்னைக்குக் காலையிலதான் டாக்டர் என்னை மட்டும் உள்ள கூப்பிட்டுச் சொன்னாரு. அவகிட்ட சத்துக்குறைவுன்னு சொல்லி வச்சேன். எதுக்குத் திடீர்னு போட்டோன்னு கேட்டா. சும்மாதான்னு சொன்னேன். அதையும் நம்பி, கைய எறக்கிட்டு சிரிச்சா." பூதக்கண்ணாடியை மறுபடி அவள் முகத்துக்கு நகர்த்தினார். "அப்பதான் அழுத்தினேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. டாக்டர் மேல், தாழ்ப்பாள் மேல், அன்று கிண்டல் செய்த என் வாயின் மேல். எதையும் கழற்றித் துடைத்துப் பூட்டினால் சரியாகிவிடும் என்று பழகிப்போன கை என்னுடையது. கழற்ற ஒன்றுமில்லாமல் அதைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் தோளைத் தொடக்கூடத் தோன்றவில்லை.

என்லார்ஜர் விளக்கை அதிக நேரம் எரியவிட்டால் சூட்டில் நெகட்டிவ் வளைந்துவிடும். அணைக்கக் கை நீட்டினேன். "இருக்கட்டும்," என்றார். விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஃபிலிம் வளைந்து படம் இன்னும் கலங்கியது. பழக்கத்தில், படத்தைக் கூர்மையாக்கும் திருகாணிக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று வெளியே என் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

மாமாவே விளக்கை அணைத்தார். லென்ஸைக் கழற்றி, மூடி போட்டு, பித்தளை வளையத்தோடு என் தகர டப்பாவில் பத்திரமாக வைத்தார். முகம் கழுவிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டியவர் நின்றார்.

"கடைக்காரன் இன்னொரு லென்ஸ் இருக்குன்னான். இத விட நல்லதாம். அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டு வரட்டுமா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. உள்ளே நடந்தது எதையும் மறந்துவிடவும் இல்லை.

"கொண்டு வாங்க மாமா," என்றேன். "மரைய மட்டும் பாத்து வாங்குங்க."

"ஒத்துவரலன்னா என்ன," என்றார். "வளையம் கடைஞ்சுக்கலாம்."