அரைக்கதவுத் தண்ணீர்

புருஷனின் பதினாறாம் நாள் கருமாதிக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும் என்று வேலாயி கேட்டபோது, அணைக்கட்டுக் காவலாளி ஜெயகாந்தன் உடனே சரி என்றுவிட்டார். மாசி மாதத்தில் ஆற்றுத் தண்ணீர் முழுவதும் வாய்க்கால் வழியாகத் தோட்டத்துக்கு மின்சாரம் தரும் டர்பைனுக்குப் போய்விடும். அணைக்கட்டுக்குக் கீழே, தேயிலை மலையின் அடிவாரம் வரை வெறும் கல்தான்.

"புதன்கெழம பத்து மணிக்கு ஆத்துக் கதவ தொறந்து விடுறேன் அக்கா. பதினொண்ணுக்குள்ள வந்துரும்."

"பன்னெண்டுக்கு ராகு காலம் தம்பி. மறந்து தூங்கிறாத."

சொன்னபடியே கதவைப் பாதி திறந்தார். முழுவதும் திறந்தால் டர்பைன் நின்றுவிடும். அதை ஓட்டும் ரிஃகான் சம்மதிக்க மாட்டான் என்று எண்ணி, அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பதினொன்றேகாலுக்கு வேலாயியின் மகன் கிஷாந்த் போன் செய்தான்.

"மாமா, ஒரு சொட்டு வரல. அம்மா பிண்டத்த கையில வச்சிக்கிட்டு நிக்கிறாங்க."

அப்போதுதான் ஜெயகாந்தனுக்கு உறைத்தது. மழைக்காலக் கணக்கில் நேரம் சொல்லியிருந்தார். ஆறு வாரம் காய்ந்த மணல் தன் பங்கைக் குடித்த பிறகுதானே கீழே விடும்!

அதற்குள் ரிஃகானே அழைத்தான். "என்னண்ணே, மெஷின் நோஞ்சான் மாதிரி சுத்துது? வாய்க்கால்ல மாடு படுத்திருக்கா?"

இலை அடைத்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். இறந்தவர் காரியத்தில் பொய் வேண்டாம் என்று தோன்றியது. நடந்ததைச் சொன்னார்.

"இத மொதல்லயே சொன்னா என்னண்ணே? எலை தடுக்கிற கம்பிச் சல்லடைய கழுவ நாளைக்கு எப்படியும் மெஷின நிப்பாட்டணும். இப்பவே நிப்பாட்டுறேன். வாய்க்கால் கதவ மூடிட்டு, ஆத்துக் கதவ முழுசா தொறங்க."

"மேல கேட்டா?"

"சல்லடை கழுவுனேன்னு எழுதுவேன். கழுவத்தானே போறேன்!"

ஜெயகாந்தன் இரண்டு கைகளாலும் சக்கரத்தைச் சுற்றினார். தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிஷாந்த் மறுபடி அழைத்தான். "வந்திருச்சு மாமா! ஒரே சருகும் சேறும். தெளியட்டும்னு எல்லாரும் சொன்னாங்க. அம்மா கேக்கல, எறங்கிட்டாங்க."

முழங்காலளவு கலங்கல் தண்ணீரில் நின்று வேலாயி பிண்டத்தை விட்டாள். அது சருகுகளோடு சருகாகப் போனது.

காரியம் முடிந்ததென்று ஜெயகாந்தன் ரிஃகானுக்குச் சொன்னார். "கதவ மூடவா தம்பி?"

"பொறுங்கண்ணே." சல்லடைக் கம்பியைத் தேய்க்கும் சத்தம் போனில் கேட்டது. "எனக்கு இன்னும் பாதி இருக்கு. அவங்க தல முழுகி கரையேறட்டும்."

ஜெயகாந்தன் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். கேட்டும் பார்க்காமல் ஒருவனை இரக்கமில்லாதவன் என்று முடிவு கட்டியதற்காக, மனதுக்குள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.