அங்கே இன்னும் விடியவில்லை

கடல் தாண்டி ஆண்ட சாம்ராஜ்யத்தின் உத்தரவுப்படி, இங்குள்ள ஆபீஸ்களும் அந்தத் தலைநகரத்து நேரத்துக்குத்தான் திறக்க வேண்டும். அதனால் நடுப்பகல் பன்னிரண்டுக்கு ஆபீஸ் கடிகாரம் விடிகாலை நான்கு காட்டியது.

வாசலில் தச்சர் வந்து நின்றார். தன் கையாலேயே செய்த பெட்டியில் மகளைக் கிடத்தியிருந்தார். முத்திரைச் சீட்டு இல்லாமல் புதைத்தால் ஜெயில்.

"ஒரு குத்து குத்திக் குடு தம்பி. புள்ளைய வெயில்ல வச்சிருக்கேன்."

பின்கட்டில் குடியிருந்த குமாஸ்தா கையைப் பிசைந்தான். அந்தக் கடிகாரத்தில் ஒன்பது ஆகுமுன் முத்திரையைத் தொட்டால் வேலை போய்விடும்.

"அங்க இன்னும் விடியலண்ணே. ஒம்பது ஆகட்டும். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"வெயில் மண்டையப் பொளக்குது, விடியலங்கிறியே! எவன் வீட்டு விடியலுக்குடா எம்புள்ள காத்துக் கெடக்கணும்?"

தச்சர் உள்ளே புகுந்து சுத்தியலால் கடிகாரத்தை ஒரே போடு போட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தெருவே பின்னால் போனது. சீட்டில்லாமலே குழி வெட்டினார்கள்.

கலகம் அந்தக் குழியடியில்தான் மூண்டது. இரண்டு வருஷத்தில் விடுதலையும் வந்தது. எல்லாம் வரியால் வந்தது என்று பாடப்புத்தகம் எழுதிக்கொண்டது.

அன்று குமாஸ்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. முத்திரைப் பெட்டி முன் உட்கார்ந்து, உடைந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பொழுது சாய்ந்தது. ஒன்பது மணி மட்டும் வரவே இல்லை.