வடிவு இறுகிய நாள்

புதன்கிழமை காலை என் அடுக்களைத் தரை வழியாக ஒருவர் மேலே வந்தார். முப்பது கிலோமீட்டருக்கும் கீழேயிருந்து ஏறி வந்ததாகச் சொன்னார். கறுப்பாக, பாறைக் குழம்பாக இருந்தார். வெப்பம் ஆயிரத்து இருநூறு டிகிரி. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். கைக்குப் போகும் முன்பே ஆவியாகிவிட்டது.

பெயர் கேட்டேன்.

"கீழ யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்க," என்றார்.

அவருக்கு மேற்கொண்டு ஏற வழியில்லை. மேலே நான் இருந்தேன். எங்கள் குடும்பம் பூமியின் மேலோட்டைச் சேர்ந்தது. வெளிர் நிறம். எண்ணூறு டிகிரியிலேயே உருகிவிடுவோம்.

வெள்ளிக்கிழமை என் கால்கள் உருகின. சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இடுப்புவரை கலந்துவிட்டோம்.

அவர் நல்லவர். "சுடுதா?" என்று அடிக்கடி கேட்டார். "இல்லை," என்றேன். அதற்கு முன் நான் பொய் சொன்னதில்லை. அது அவருடைய பொய்யாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை தம்பி ஆவுடையப்பன் வந்தான். இரும்பு அண்டா ஒன்றைக் கொண்டுவந்து எங்களை அள்ளினான்.

"ஆபீசுக்குப் போவோம்க்கா. இறுகுறதுக்குள்ள பிரிச்சுக் குடுத்துருவாங்க."

இறுகுவோர் பதிவு அலுவலகம் எங்கள் தெருவிலேயே இருந்தது. உள்ளே நடைபாதை எங்கள் சூட்டில் நீண்டது. தம்பி நடக்க நடக்க நான்காம் ஜன்னல் தள்ளித் தள்ளிப் போனது. மூன்று மணிக்குத்தான் எட்டினோம்.

ஜன்னலில் ஞானசெல்வி என்ற அலுவலர் இருந்தார். நீளமான கரண்டியால் அண்டாவைக் கிளறினார்.

"இதுல வடிவு யாரு?"

"நான்தான் மேடம்."

"எது?"

கையைத் தூக்கிக் காட்டினேன். கை சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் வெளிர், அவர் கறுப்பு. சாம்பல் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

"சாம்பலுக்கு ஃபாரத்துல கட்டம் கெடையாது," என்றார் ஞானசெல்வி.

மறுபடி கிளறினார். கரண்டியில் முட்டை அளவுக் கறுப்புக் கட்டிகள் தட்டுப்பட்டன. என் கணவர் என்னிடம் வந்ததும் சட்டென்று குளிர்ந்து, கலக்காமலே நின்றுவிட்ட பகுதிகள்.

"இது மட்டும் தனியா நிக்கி. எடுத்துரலாம். மிச்சம் கலந்தது கலந்ததுதான்."

"எடுத்தா அக்கா பழையபடி ஆயிருவாளா?" என்று தம்பி கேட்டான்.

"ஓட்டை இருக்கும்."

ஒரு கட்டி உள்ளேயிருந்து, "வடிவு, குளிருதா?" என்றது. ஜன்னலில் யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எடுக்க வேண்டாம்," என்றேன்.

"அக்கா, வீட்டுக்கு வர வேண்டாமா?"

"வரணும்."

"அப்ப எடுக்கச் சொல்லு."

"வேண்டாம்."

தம்பி அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை பொசுங்கும் வாசனை வந்தது. விடச் சொன்னேன். விடவில்லை.

"ஆற எவ்வளவு நாளாகும் மேடம்?" என்று அவன் கேட்டான்.

"ரெண்டு லட்சம் வருசம். மெதுவா ஆறுனாத்தான் கல்லுல மணி பெருசா வரும்."

"அதுவரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கலாமா?"

"அஞ்சு மணிக்குப் பூட்டிருவோம்."

நாலு ஐம்பதுக்கு இரண்டு லட்சம் வருடம் முடிந்தது. தம்பிக்கு வயது கூடவில்லை. என் தோளில் பளிங்கு மணிகள் வெள்ளையாகக் கோத்து நின்றன. இமையில் காக்காப்பொன்னாக அபிரகம் மின்னியது. இடையிடையே கறுப்புக் கட்டிகள். ஞானசெல்வி சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். பதிவேட்டில் 'கிரானைட்' என்று முத்திரை குத்தினார்.

"சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. பக்கத்துல உறவு எழுதணும்."

தம்பி பொசுங்கிய கையால் பேனாவை வாங்கினான். 'அக்கா அத்தான்' என்று சேர்த்து எழுதினான்.

"ஒரு கல்லுக்கு ஒரு உறவுதான். ஒண்ண அடிங்க," என்றார் ஞானசெல்வி.

தம்பி என்னைப் பார்த்தான். சொல்ல வாயெடுத்தேன். உதடு ஏற்கெனவே இறுகியிருந்தது. அவன் குனிந்தான். தாளில் பேனா உரசுவது கேட்டது. எதை அடிக்கிறான் என்று பார்க்கத் திரும்ப முயன்றேன். கழுத்து வரவில்லை.